தேரும் முட்டுக்கட்டையும்

திருச்சிராப்பள்ளிக்கு வருவோர் பெரும்பாலும் மூன்று இடங்களைக் கண்டு திரும்புவர். மலைக்கோட்டை ஏறுவர், காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்வர், நம்மவராயின் தெப்பக்குளத்தருகே லூர்து அன்னை ஆலயத்திலோ, பாலக்கரைச் சகாய மாதா கோயிலிலோ முழந்தாளிட்டு மன்றாடுவர். மூன்றும் காணத் தக்கவையே. எனினும் இவ்வூருக்கு மற்றொரு முகமும் உண்டு. இது கருவி செய்வோரின் ஊர். ஆற்றை அடக்கியவரும், இரயில் வண்டியைப் பழுது பார்ப்பவரும், கொதிகலன் சமைப்பவரும் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர்.

இம்முகத்தைக் காணும் வாய்ப்பு நமக்கு ஒரு சனிக்கிழமையன்று கிட்டியது. ரோபோ என்னும் தானியங்கி இயந்திரங்களுக்கான போட்டி ஒன்றுக்குத் திருச்சியிலுள்ள ஒரு பள்ளியின் மாணாக்கர் அறுவர் ஆயத்தமாகிக் கொண்டிருந்தனர். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். நால்வர் சிறுவர், இருவர் சிறுமியர். அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர், போட்டிக்கு ஆறு நாட்களே இருந்த நிலையில், பகற்பொழுது முழுவதையும் ஊர் சுற்றிக் காட்டுவதில் செலவிட்டார். "கையால் செய்கிறவர்களின் ஊரில் பிறந்திருக்கிறோம் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்" என்பது அவர் கூறிய காரணம். நாமும் உடன் சென்றோம். பிறருடைய பிள்ளைக்கு வழிகாட்டுவது எப்படி என்னும் கேள்வி அன்று முழுவதும் நம்மைத் தொடர்ந்து வந்தது.

வளனார் பெயரால் ஒரு கல்லூரி

முதலில் தூய வளனார் கல்லூரி. இயேசு சபைக் குருக்கள் 1844ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் தொடங்கிய இக்கல்லூரி, 1883இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்தது. இராமநாதபுரத்தில் பள்ளிப் படிப்பை முடித்த ஓர் இளைஞர் 1950ஆம் ஆண்டு இங்கே வந்து சேர்ந்தார். அவர்தாம் பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள். 1954இல் இங்கிருந்து இயற்பியல் பட்டம் பெற்று வெளியேறினார்.

கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் விடுதிக் காப்பாளராக இருந்த செக்குவேரா அடிகளாரை நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். ஆங்கிலம் கற்பித்த அவ்வடிகளார், மூன்று மாடி விடுதியில் தங்கியிருந்த ஏறத்தாழ நூறு மாணவரையும் இரவுதோறும், விவிலியத்தைக் கையில் ஏந்தியவராய், ஒவ்வொருவராகச் சென்று காண்பாராம். தீபாவளி வந்தால் எண்ணெய்க் குளியலுக்கென ஒவ்வோர் அறைக்கும் நல்லெண்ணெய் கொடுத்தனுப்புவாராம். இசுலாமியராகிய கலாமுக்கு அவ்விடுதியில் நான்காண்டு அறைத் தோழர்களாய் இருந்தோர் திருவரங்கத்து ஐயங்கார் ஒருவரும், கேரளத்துச் சிரியக் கிறித்தவர் ஒருவரும் ஆவர். மாணவர் தேர்வில் என்ன வாங்கினார் என்பதோடு, குளிக்க எண்ணெய் இருக்கிறதா என்பதையும் எண்ணிப் பார்த்தவர் அந்த அடிகளார். வழிகாட்டுதலின் முதற்படி இதுவென்று நமக்குத் தோன்றியது.

இங்கிருந்து கலாம் சென்னையை அடுத்த குரோம்பேட்டையில் விமானப் பொறியியல் பயிலச் சென்றார். கட்டணத்திற்காகத் தமக்கையார் சோகரா தம் பொன் நகைகளை அடகு வைத்தார். அங்கே நிகழ்ந்த ஒன்று குழுவாக உழைப்போர் அனைவரும் அறியத் தக்கது. தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி கலாமுக்கும் தோழர் நால்வருக்கும் தரப்பட்டிருந்தது. இயக்குநரும் வடிவமைப்பு ஆசிரியருமான பேராசிரியர் சீனிவாசன், வேலை மந்தமாகச் செல்வதைக் கண்டு மனம் நொந்தார். கலாம் ஒரு மாத அவகாசம் கேட்க, அவர் கொடுத்தது மூன்றே நாள். தவறினால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றும் சொல்லிவிட்டார். கலாம் இரவு உணவையும் மறந்து வரைபலகையின்முன் அமர்ந்தார். வேலை முடியும் தறுவாயில் யாரோ அறையில் நிற்பதுபோல் உணர்ந்து திரும்பினால், பேராசிரியர் சிறிது தொலைவில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். வரைபடத்தைக் கண்டதும் மாணவரை அன்போடு தழுவிக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லிய ஆசிரியர் பிள்ளைகளிடம், "பேராசிரியர் எத்தனை கோடு வரைந்து கொடுத்தார்?" என்று வினவினார். "ஒன்றுகூட இல்லை, சார்" என்றாள் ஒரு சிறுமி. ஆசிரியர் வேறொன்றும் சொல்லாமல் அடுத்த இடத்திற்குப் புறப்பட்டார்.

கல்லூரிக்குப் பெயர் தந்த புனிதரை அவ்வேளையில் நாம் நினைத்துக் கொண்டோம். நற்செய்தி நூல்களில் வளனார் பேசியதாக ஒரு சொல்லேனும் இல்லை. அவர் தச்சர், மகனுக்குத் தொழில் கற்பித்தவர். நாசரேத்துப் பட்டறையில் இழைப்புளி பிடிக்கும் சிறுவனின் அருகே அமைதியாக நின்ற அந்தத் தந்தையை மனக்கண்ணால் காண்பது கடினமன்று.

அரங்கத்துத் தேர்

காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கம். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட இத்தீவில் ஏழு திருச்சுற்றுகளோடும் இருபத்தொரு கோபுரங்களோடும் அரங்கநாதர் கோயில் அமைந்துள்ளது. தெற்கே நிற்கும் இராசகோபுரம் 13 நிலைகள் கொண்டது. 236 அடி உயரமுடையது. அடிப்பகுதியோடு பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்ற அக்கோபுரம் 1987இல்தான் நிறைவு பெற்றது. ஒருவர் தொடங்கியதை அவர் அறியாத பிறிதொரு தலைமுறை முடிக்கிறது. ஆசிரியத் தொழிலும் ஏறத்தாழ அத்தகையதே.

இயந்திரங்களை நேசிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திருவரங்கம் மற்றொரு வகையிலும் சொந்த ஊர். பாட்டியார் வீட்டில் வளர்ந்து, இவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் பயின்று, தூய வளனார் கல்லூரியில் இயற்பியலும் குரோம்பேட்டையில் மின்னணுவியலும் கற்றவர் எஸ். ரங்கராஜன். 'சுஜாதா' என்னும் புனைபெயரால் அவரைத் தமிழுலகம் அறியும். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார். 1980களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா' என்னும் தொடர்கதையில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயைத் தமிழ்க் குடும்பங்கள் வீட்டுப் பிராணிபோல நேசித்தன. இத்தீவிலேயே உள்ள திருவானைக்காவலில்தான் சர் சி. வி. இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்தார். 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் ஆசிரியர் பிள்ளைகளை நிறுத்திவைத்த இடம் கீழச் சித்திரை வீதி. அங்கே தேர் நின்றது. சித்திரைத் திருவிழாவில் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்க இத்தேர் நான்கு வீதியும் சுற்றி வரும். நம் ஊர்த் திருவிழாக்களில் தேர்ப்பவனி கண்ட வாசகர்களுக்குத் தேரின் எடை நன்கு தெரியும். புறப்படும் வரை அசையாது. புறப்பட்டபின் எளிதில் நில்லாது. இதற்குத் திருப்பும் கருவி கிடையாது. அப்படியாயின் வீதி முனையில் எவ்வாறு திரும்புகிறது?

விடை சக்கரத்தின் அடியில் இருக்கிறது. வடம் இழுப்போர் முன்னே செல்ல, சக்கரங்களின் அருகே சிலர் குனிந்தபடி நடந்து வருவர். அவர்கள் கையில் சரிவாகச் செதுக்கிய கட்டைகள் இருக்கும். உருளும் சக்கரத்தின் முன் கட்டையை இன்ன கோணத்தில், இன்ன கணத்தில் செருகினால், சக்கரம் அச்சரிவில் வழுக்கித் திசை மாறும். நேராக வைத்தால் தேர் நிற்கும். பின்னால் சிலர் நெம்புதடி போட்டு நின்ற தேரை மீண்டும் கிளப்புவர். கண நேரம் பிந்தினால் உயிருக்கே ஆபத்து. அவர்கள் இடும் கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர்.

பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை போடுகிறவன் என்றால் காரியத்தைக் கெடுப்பவன் என்று பொருள் கொள்கிறோம். தேர்வீதியில் அச்சொல்லின் உண்மை மதிப்பு விளங்குகிறது. கட்டை போடுபவர் தேர்மீது ஏறி அமர்வதில்லை. வடத்தைப் பிடித்து இழுப்பதும் இல்லை. இழுக்கும் பெருமை இழுப்போருக்கே. ஆயினும் அவரின்றித் தேர் நிலை சேராது.

திருச்சியின் சிறப்பு இதனோடு நிற்கவில்லை. திருவெறும்பூரிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம் தமிழகக் கோயில் தேர்கள் பலவற்றிற்கு எஃகுச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்துள்ளது. திருவாரூர் ஆழித் தேருக்கு நீர்ம விசையால் இயங்கும் தடையையும் பொருத்தியுள்ளது. எனினும் தேரைத் திருப்ப இன்றும் கட்டையும் கண்ணும் வேண்டியிருக்கின்றன.

மணலில் இட்ட கல்

தீவின் கிழக்கே கல்லணை. கரிகாற் சோழன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இவ்வணையைப் பார்த்துச் சிறுவன் ஒருவன், "சிமெண்டு இல்லாமல் எப்படி நின்றது?" என்று கேட்டான். காவிரிப் படுகையில் பாறை எளிதில் அகப்படாது. தோண்டத் தோண்ட மணல்தான். பழந்தமிழர் பெருங்கற்களை ஆற்றில் இட்டனர். நீர் மணலை அரிக்க, கற்கள் தம் எடையாலேயே அமிழ்ந்து ஓர் ஆழத்தில் நிலைகொண்டன. அவற்றின்மேல் மேலும் கற்களை அடுக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பணியாற்றிய ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழங்காண முடியாத மணலில் அடித்தளம் அமைக்கும் முறையை இவ்வணையிடமிருந்தே தாம் கற்றதாக ஒப்புக்கொண்டார். அவ்வறிவைக் கொண்டு 1830களில் தீவின் மேற்கு முனையாகிய முக்கொம்பில் மேலணை கட்டினார். பின்னர்க் கோதாவரியின் தவளேசுவரத்தில் பேரணை எழுப்பினார்.

அந்த மேலணையின் மதகுகள் சில 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்ததையும் ஆசிரியர் மறைக்கவில்லை. பின்னர் அருகே புதிய கதவணை கட்டப்பட்டது. "செய்தது கெடும். ஏன் கெட்டது என்று எழுதி வைத்தால் அடுத்தவர் நன்றாகச் செய்வார்" என்றார். குழுவிலிருந்த சிறுமி தன் குறிப்பேட்டை எடுத்தாள். அவர்களுடைய ரோபோ தடுமாறிய ஒவ்வொரு முறையும், தேதியோடும் காரணத்தோடும் அதில் பதிவாகியிருந்தது.

பட்டறைகளின் வழியே

திரும்பும் வழியில் திருவெறும்பூர், துவாக்குடி, பொன்மலை. 1960களின் நடுவில் இப்பகுதியில் கொதிகலன் தொழிற்சாலையும் வட்டாரப் பொறியியல் கல்லூரியும் தோன்றின. 1964இல் நிறுவப்பட்ட அக்கல்லூரி 2003 முதல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறது. பெரிய ஆலையைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சிறு பட்டறைகள் வளர்ந்தன. தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

பொன்மலை இரயில்வே பணிமனையும் கல்லூரியைப் போலவே நாகப்பட்டினத்திலிருந்து வந்ததே. 1928இல் இங்கே நிலைபெற்ற அப்பணிமனை, நீலகிரி மலை இரயிலுக்கான நீராவி என்ஜின்களைப் புதிதாகவே செய்து கொடுத்துள்ளது. உலகம் மறந்துவிட்ட ஓர் என்ஜினை இக்காலத்தில் புதிதாகச் செய்ய முடிகிறதென்றால், கைத்திறன் முதியவரிடமிருந்து இளையவருக்கு இடையறாது கைமாறி வந்துள்ளது என்பதே பொருள்.

மாலை வெயில்

மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்குத் திரும்பினோம். மைய அரசு 2016இல் தொடங்கிய அடல் திட்டத்தின்கீழ் இத்தகைய செய்முறைக் கூடங்கள் நாடெங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவருக்காக ஏற்பட்டுள்ளன. போட்டிகளும் பெருகியுள்ளன. 2004இல் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாட் 2016இல் புதுதில்லியில் நடைபெற்றது. அதில் போட்டி நேரத்தில் பயிற்றுநர் களத்திற்குள் சென்று உதவக்கூடாது. அன்று காலையில் புதிய விதி ஒன்றும் அறிவிக்கப்படும். முந்திய நாள் வரை பெரியவர் செய்து கொடுத்திருந்தால், அந்தக் காலைப் பொழுதில் பிள்ளை விழிக்கும். ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 முதல் கல்லூரி மாணவருக்கு நடத்திவரும் 'ரோபோகான்' 2014இல் புனே நகரில் நடந்தபோது, பெற்றோருக்கு வணக்கம் என்பதே அதன் கருப்பொருளாக இருந்தது. பெற்றோர் ரோபோ, குழந்தை ரோபோவைத் தூக்கிக்கொண்டு விளையாட்டிடத்திற்குச் செல்ல வேண்டும். ஆனால் ஏணிச் சட்டத்தில் குழந்தை ரோபோ தானேதான் ஏற வேண்டும். விதி வகுத்தவர்கள் குடும்ப வாழ்வை நன்கு அறிந்தவர்கள் போலும்!

நம் குழுவின் ரோபோ, வெள்ளைத் தாளில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓட வேண்டியது. அதன் அடியிலுள்ள உணரிகள் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைத் தாளின்மேல் பாய்ச்சும். வெள்ளை அதனைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். இவ்வேறுபாட்டைக் கொண்டு வழி கண்டுபிடிக்கும் அது, காலையில் பிழையின்றி ஓடியது. மாலையில் கோட்டை விட்டு ஓடி மேசைக் காலில் மோதியது. மோதிய வேகத்தில் ஒரு கம்பியின் ஈயப்பற்றும் விட்டுப்போயிற்று.

பிள்ளைகள் சக்கரத்தைக் குறை கூறினர், பிறகு மின்கலத்தை, பிறகு நிரல் எழுதிய தோழனை. அவன் கண் கலங்கினான். ஆசிரியர் கைகளை முதுகுக்குப் பின்னே கட்டியவாறு நின்றார். மகனை அழைத்துப் போக வந்திருந்த ஒரு தந்தையோ பொறுக்கவில்லை. துவாக்குடிப் பட்டறை ஒன்றில் பற்றவைக்கும் தொழில் செய்பவர். இருபது ஆண்டுப் பழக்கம். சால்டரிங் கோலைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஐயா, இன்றைக்கு நீங்கள் பற்றவைத்தால் இது ஓடும். போட்டி நடக்கிற ஊரில் அறுந்தால் யார் பற்றவைப்பது?" என்றார் ஆசிரியர்.

"ஆறு நாள்தானே இருக்கிறது, சார்? தோற்றுப்போனால் பிள்ளை மனசு உடைந்துவிடாதா?"

நியாயமான அச்சம் அது. அவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மகன் ஒரு முறையேனும் மேடையேற வேண்டுமென்று விரும்பினார். ஆசிரியர் அவரை விலக்கவில்லை. மேசையடியிலிருந்த கழிவுக் கம்பிகளை எடுத்து அவர்முன் வைத்து, "இதில் செய்து காட்டுங்கள். ரோபோவில் அவன் செய்யட்டும்" என்றார். தந்தை கழிவுக் கம்பியில் மூன்று முறை செய்து காட்டினார். முதலில் கம்பியைச் சூடாக்க வேண்டும், ஈயத்தையன்று என்பதை விளக்கினார். மகன் நான்காம் முறையில் பிடித்துக் கொண்டான். அவன் இட்ட பற்று அழகாக இல்லை, உறுதியாக இருந்தது.

ரோபோ மறுபடியும் கோட்டை விட்டு ஓடியது. "காலையில் ஓடியதற்கும் இப்போதைக்கும் என்ன வேறுபாடு?" என்று ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அறையில் அமைதி நிலவியது. மேற்குச் சன்னல் வழியே வெயில் தாளின்மேல் விழுந்திருந்தது. "சார், வெயில்!" என்றான் நிரல் எழுதிய சிறுவன். கதிரவன் ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு. அது உணரிகளைத் திணறடிக்க, கறுப்பும் வெள்ளையாகவே தெரிந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கறுப்பு அட்டையால் உணரிகளுக்கு மறைப்பு செய்தனர். புறப்படுமுன் வெள்ளையையும் கறுப்பையும் ஒருமுறை பார்த்து அளந்துகொள்ளுமாறு நிரலையும் திருத்தினர். குறிப்பேட்டில் அந்நாளுக்கு நேரே 'வெயில்' என்று எழுதினாள் சிறுமி.

போட்டி முடிவைப் பின்னர் அறிந்தோம். பரிசு கிட்டவில்லை, இரண்டாம் சுற்றோடு நின்றது. நடுவர் கேட்ட கேள்விகளுக்குப் பிள்ளைகளே விடை சொன்னார்கள். உணரிக்கு ஏன் மறைப்பு என்று கேட்டபோது, விளக்கியவன் அன்று கண் கலங்கிய சிறுவன். துவாக்குடித் தந்தையோ இப்போது சனிக்கிழமைதோறும் பள்ளிக்கு வருகிறார். கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழிவுக் கம்பியில் பற்றவைக்கக் கற்பிக்கிறார். அவரைப் பிள்ளைகள் 'சார்' என்று அழைக்கின்றனர்.

பெற்றோருக்கு ஒரு சொல்

இன்று நம் இல்லங்களில் பிள்ளைகளின் படத்தைத் தாய் வரைகிறார். கட்டுரையைத் தந்தை எழுதுகிறார். செய்முறைப் பொருளைக் கடையில் வாங்கிக் கொடுக்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் பரிசு வாங்கிவரும் பிள்ளை உள்ளத்தில் ஒன்றை அறிந்திருக்கும்: தன்னால் இது முடியாது என்று தன் பெற்றோரே எண்ணினார்கள் என்பதை. தோல்வி தரும் வருத்தம் சில நாளில் ஆறும். இவ்வறிவு தரும் காயம் எளிதில் ஆறாது.

கைவிட்டு விடுவதும் வழிகாட்டுதல் ஆகாது. பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்துவிட்டு மறந்துவிடவில்லை. வந்து நின்று பார்த்தார். செக்குவேரா அடிகளார் இரவுதோறும் மாடி ஏறினார். முட்டுக்கட்டை போடுபவர் தேர் நிலை சேரும் வரை சக்கரத்தை விட்டு அகலுவதில்லை. பிள்ளையின் வேலையைச் செய்யாதிருப்பதும், பிள்ளையின் அருகிலேயே இருப்பதும் சேர்ந்தே வழிகாட்டுதல் ஆகும். இரண்டையும் ஒருங்கே செய்வதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். சில வேளைகளில் கைகளைப் பின்னே கட்டிக்கொள்ளவும் வேண்டும்.

ஆண்டவர் நம்மிடம் ஒப்படைத்த தாலந்துகள் நம் பிள்ளைகள். அவற்றை உடைந்துவிடுமோ என அஞ்சி மண்ணில் புதைத்து வைத்தவனை அவர் பாராட்டவில்லை. மகனுக்கு இழைப்புளியைக் கொடுத்துவிட்டு அருகில் நின்ற நாசரேத்துத் தச்சர், நமக்கும் அந்தத் துணிவையும் பொறுமையையும் பெற்றுத் தருவாராக.